யாருக்காக எழுதுகிறோம்? அமெரிக்கப் பள்ளிகளின் சொல்வன்மைப் பாடம்

2019 மே மாதத்தில் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஒரே தேர்வை எழுதினார்கள். அதில் மூன்று கட்டுரைகள். முதல் கேள்வி காற்றாலைகள் பற்றியது. தரப்பட்ட ஆவணங்களைப் படித்து, ஓர் இடத்தில் காற்றாலைப் பண்ணை அமைக்கும் முன் எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று வாதிடச் சொன்னது. மூன்றாவது கேள்வி, தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் அவ்வளவு பாராட்டுக்குத் தகாது என்று எழுதக் கேட்டது. நடுவில் இருந்தது காந்தியின் கடிதம். 1930 மார்ச் 2ஆம் தேதி, உப்பு யாத்திரைக்குப் புறப்படும் முன், வைஸ்ராய் இர்வினுக்கு அவர் எழுதியதன் கடைசிப் பகுதி. தம் தரப்பை முன்வைக்க காந்தி சொல்முறையில் என்னென்ன தேர்வுகளைச் செய்கிறார் என்பதை ஆராய வேண்டும். ஒரு கட்டுரைக்கு 40 நிமிடங்கள்.

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், சுருக்கமாக ஏ.பி., என்ற திட்டத்தின் கீழ் காலேஜ் போர்டு நடத்தும் ‘ஆங்கில மொழியும் கட்டுரை ஆக்கமும்’ பாடத்தின் தேர்வு இது. பெரும்பாலும் 11ஆம் வகுப்பில் படிக்கிறார்கள். கதை, கவிதை, நாடகம் இதன் மையம் அல்ல. சொற்பொழிவு, கடிதம், பத்திரிகைக் கட்டுரை, தன்வரலாறு போன்ற உரைநடையே மையம். ஏ.பி. பாடங்களில் மிக அதிகம் பேர் எழுதும் தேர்வுகளில் இதுவும் ஒன்று. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இதைப் படிக்கிறார்கள். பெற்றோர் பலருக்கு இது கல்லூரியில் ஒரு பாடத்தை மிச்சப்படுத்தும் மதிப்பெண். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு குடியாட்சி கற்றுத்தரக்கூடிய மிக முக்கியமான விஷயங்களில் ஒன்று இதற்குள் இருக்கிறது: ஒருவர் இன்னொருவரின் மனத்தை வன்முறையில்லாமல் மாற்றுவது எப்படி என்பது. அதைக் கற்பிக்கும் வழியில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. பிறர் எழுத்தைப் படிக்கும்போது, இது யாருக்கு எழுதப்பட்டது என்று ஓயாமல் கேட்கும் இந்தப் பாடம், மாணவர் தாமே எழுதும்போது அவருக்கு ஒரு வாசகரைத் தருவதில்லை.

காந்தியின் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். பேரரசின் பிரதிநிதியை ‘நண்பரே’ என்று விளித்துத் தொடங்கி, நண்பன் என்றே கையொப்பமிட்டு முடியும் கடிதம் அது. பிரிட்டிஷ் ஆட்சியைச் சாபம் என்கிறது. ஆனால் ஓர் ஆங்கிலேயருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்கிறது. வைஸ்ராயின் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல், இந்தியரின் சராசரி வருமானம் இரண்டணாவுக்கும் குறைவு என்று கணக்குப் போடுகிறது. அந்தச் சம்பளம் அந்தத் தனிமனிதருக்குத் தேவைப்படாமலும் இருக்கலாம் என்று சொல்லி, குற்றத்தை ஆளிடமிருந்து அமைப்புக்கு நகர்த்துகிறது. முடிவில், தம் வேண்டுகோள் இர்வினின் இதயத்தைத் தொடாவிட்டால் எந்தத் தேதியில் உப்புச் சட்டத்தை மீறப் புறப்படுவேன் என்று அறிவிக்கிறது. உடனே, இது மிரட்டல் அல்ல, சத்தியாக்கிரகியின் கடமை என்கிறது. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரேனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர்.

இதை ஆராயும் மாணவர் ‘நண்பரே’ என்ற விளியில் பணிவைக் காணலாம், இதயம் உருகுவது பற்றிய வரியில் உணர்ச்சித் தூண்டலைக் காணலாம். அதோடு நின்றால் கடிதம் கையில் சிக்காது. எதிரியை நண்பர் என்று அழைப்பவர், நண்பராக நடந்துகொள்ளும் வாய்ப்பை அவர் முன் வைக்கிறார். தேதியைச் சொல்லிவிட்டு மிரட்டல் அல்ல என்பவர், அடுத்து என்ன நடந்தாலும் அது வைஸ்ராயின் தேர்வாகத் தெரியும்படி செய்கிறார். தூதுவராக ஓர் ஆங்கிலேயரை அனுப்பியதும் ஒரு வாதம்தான். இந்தப் போராட்டம் இனத்துக்கு எதிரானதல்ல என்பதை எந்த வாக்கியத்தையும்விட உறுதியாக அது சொல்கிறது. இர்வின் தம் செயலாளர் மூலம் சில வரிகளில் வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டார். அப்படியானால் கடிதம் தோற்றதா? இந்தக் கேள்விதான் வகுப்பறையைத் திறக்கும். கடிதத்துக்கு இன்னொரு வாசகர் கூட்டம் இருந்தது. அடுத்த மாதம் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் அதில் அடக்கம். ஒரே எழுத்து, முகவரியில் இருப்பவரிடம் தோற்று, முகவரியில் இல்லாத கோடிப் பேரிடம் வென்றது எப்படி என்று ஒரு வாரம் பேசலாம்.

தேர்வு அறையில் அந்த ஒரு வாரம் கிடையாது. தாளில் இருப்பது கடிதத்தின் இறுதிப் பகுதி மட்டும். சூழலைச் சொல்லும் முன்குறிப்பு சில வரிகள். எனவே மாணவர்கள் பயிற்சிப் புத்தகங்கள் காட்டும் வழிக்கு ஓடுகிறார்கள். அரிஸ்டாட்டில் சொன்ன, இணங்கவைக்கும் மூன்று வழிகள் (பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம்), அதற்கு மேல் நாற்பது ஐம்பது அணிகளின் கிரேக்கப் பெயர்கள். வாக்கியங்களின் தொடக்கத்தில் ஒரே சொல் திரும்ப வந்தால் அனஃபரா, முரண்கள் இணையாக நின்றால் ஆண்டிதீசிஸ். பெயரைச் சொல்லி, மேற்கோள் காட்டி, ‘இது வாசகரை ஈர்க்கிறது’ என்று முடித்துவிடுகிறார்கள். சாப்பிட்ட குழம்பில் போட்ட சாமான்களைப் பட்டியலிடுபவருக்குச் சமைக்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. தேர்வை மேற்பார்வையிடும் தலைமை மதிப்பீட்டாளர்களின் ஆண்டறிக்கைகளே இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்துவருகின்றன: உத்தியின் பெயரைச் சொன்னால் போதாது, அது நோக்கத்துக்கு எப்படி உதவுகிறது என்று காட்ட வேண்டும்.

பிள்ளைகள் மீது பழிபோடுவதில் நியாயமில்லை. பெயரிடும் பழக்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. பண்டைய கிரேக்கத்திலும் ரோமிலும் சொல்வன்மைக் கலை முதன்மையாக ஆக்கும் கலையாகவே இருந்தது. சிசரோவின் மரபு அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்தது: சொல்ல வேண்டியதைக் கண்டடைதல், வரிசைப்படுத்துதல், நடை, நினைவு, வெளிப்பாடு. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் குயின்டிலியன் பன்னிரண்டு பாகங்களில் எழுதிய நூல், குழந்தைப் பருவத்திலிருந்து ஒரு பேச்சாளரை வளர்த்தெடுக்கும் முழுக் கல்வித் திட்டம். அதில் படிப்பதும் எழுதுவதும் பேசுவதும் ஒன்றையொன்று ஊட்டின. 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பீட்டர் ராமுஸ் இதைப் பிளந்தார். கண்டடைதலும் வரிசைப்படுத்துதலும் தர்க்கத்துக்குரியவை என்று எடுத்துக்கொண்டு, சொல்வன்மைக்கு நடையையும் வெளிப்பாட்டையும் மட்டும் விட்டார். சிந்தனை ஒரு பக்கமும் அலங்காரம் ஒரு பக்கமும் போயின. இன்றைய மாணவர் அனஃபராவைத் தேடி அடிக்கோடு போடும்போது, அந்தப் பிளவின் மிச்சத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. ஹார்வர்டில் சொல்வன்மைக்கென அமைந்த பாய்ல்ஸ்டன் பேராசிரியர் பதவியில் 1806இல் முதலில் அமர்ந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ். அன்று அது மேடைக்கும் மன்றத்துக்குமான பயிற்சி. அதே ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னது. எழுத்துப் பிழைகளும் இலக்கணப் பிழைகளும் கண்டு அதிர்ந்தது. 1885இல் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாய எழுத்துப் பாடம் வந்தது. 1892இல் கல்லூரிக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்ட ஒரு குழு, அடிப்படை எழுத்தைக் கற்பிக்கும் சுமையைப் பள்ளிகளே சுமக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. எழுத்துப் பாடம் என்றால் பிழை திருத்தம் என்ற எண்ணமும், அது கல்லூரியின் தகுதிக்குக் கீழான வேலை என்ற எண்ணமும் அப்போது வேரூன்றின. 11ஆம் வகுப்பிலேயே முதலாண்டுக் கல்லூரி எழுத்துப் பாடத்தை முடித்துவிடலாம் என்ற இன்றைய ஏற்பாட்டில் அந்த 1892 விருப்பம் நிறைவேறியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஏ.பி. திட்டம் பிறந்தது வேறு காரணத்துக்காக. 1950களின் தொடக்கத்தில், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு, சில உயர்தரப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒரு கேள்வி எழுப்பின: நன்றாகப் படிக்கும் மாணவர் பள்ளியின் கடைசி ஆண்டிலும் கல்லூரியின் முதல் ஆண்டிலும் ஒரே பாடத்தை ஏன் இருமுறை படிக்க வேண்டும்? 1955இல் காலேஜ் போர்டு பொறுப்பேற்றது. 1956இல் முதல் தேர்வுகள் நடந்தன. அப்போதைய ஆங்கிலத் தேர்வு இலக்கியத்தைச் சுற்றியே இருந்தது. மொழிக்கும் கட்டுரைக்குமான தனித் தேர்வு 1980இல்தான் வந்தது.

அந்த இடைவெளியில் அமெரிக்கக் கல்லூரிகளில் சொல்வன்மை மீண்டும் உயிர் பெற்றிருந்தது. எட்வர்ட் கார்பெட் 1965இல் பழைய கிரேக்க ரோமானிய முறையை இக்கால மாணவருக்காக எழுதினார். லாய்ட் பிட்சர் 1968இல் எழுதிய கட்டுரை, பேச்சைப் பிறப்பிக்கும் சூழலைக் கவனிக்கச் சொன்னது: தீர்வைக் கேட்கும் ஒரு நெருக்கடி, அதைத் தீர்க்கக்கூடிய கேட்போர், பேசுபவரைக் கட்டுப்படுத்தும் நிலைமைகள். இன்றைய ஏ.பி. பாடத்திட்டத்தின் முதல் கருத்தாக ‘சொல்வன்மைச் சூழல்’ நிற்பதற்கு மூலம் இதுதான். வெய்ன் பூத், கென்னத் பர்க், ஸ்டீபன் டூல்மின் ஆகிய சிந்தனையாளர்களின் எண்ணங்களும் வகுப்பறைக்குள் வந்தன. ஆக, பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு வலுவானது. குறை தேர்வின் வடிவத்தில் இருக்கிறது.

இதே காலத்தில் வேறொரு ஆய்வு மரபும் வளர்ந்தது. நல்ல எழுத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, எழுதுபவர் எழுதும்போது என்ன செய்கிறார் என்று பார்த்தவர்கள் இவர்கள். ஜேனட் எமிக் 12ஆம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேர் எழுதுவதை உடனிருந்து கவனித்து 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிக்காக எழுதும்போது அவர்கள் ஏறக்குறைய திருத்துவதே இல்லை. தமக்காகவும் தோழர்களுக்காகவும் எழுதும்போது நின்று, யோசித்து, மாற்றி எழுதுகிறார்கள். பிரிட்டனில் ஜேம்ஸ் பிரிட்டனும் குழுவினரும் பள்ளி மாணவர் எழுத்துகள் இரண்டாயிரத்தை அலசி 1975இல் தந்த முடிவு இன்னும் கடுமையானது. பள்ளி எழுத்தில் மிகப் பெரும்பகுதி ஆசிரியருக்கு எழுதப்படுகிறது. அதிலும் ஏறக்குறைய பாதி, மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு. நெருக்கடியும் கேட்போரும் இல்லாமல் பேச்சு பிறக்காது என்று பிட்சர் சொன்னதையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளி எழுத்து ஏன் உயிரற்றுப் போகிறது என்று புரியும்.

வாசகர் இல்லாத இடத்தை அச்சு வார்ப்பு நிரப்புகிறது. அமெரிக்கப் பள்ளிகள் நன்கறிந்த ஐந்து பத்திக் கட்டுரை அப்படி ஒரு வார்ப்பு: முகவுரை, அதன் இறுதியில் மையக் கருத்து, மூன்று காரணங்களுக்கு மூன்று பத்திகள், முடிவுரை. ஒவ்வொரு பத்தியும் அதன் கருத்தைச் சொல்லும் வாக்கியத்தோடு தொடங்க வேண்டும் என்பது அதன் விதி. ரிச்சர்ட் பிராடக் என்ற ஆய்வாளர், தேர்ந்த எழுத்தாளர்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் எழுதிய 25 கட்டுரைகளை எடுத்து அந்த விதியைச் சோதித்தார். 1974இல் வெளியான அவர் முடிவின்படி, 13 சதவீதப் பத்திகள் மட்டுமே அப்படித் தொடங்கின. இந்த வார்ப்பு தடுமாறும் மாணவருக்கு ஊன்றுகோலாக உதவும் என்ற ஆசிரியர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். நூற்றைம்பது பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துபவருக்கு அது வெறும் வசதியும் அல்ல. ஆனால் சொல்ல வேண்டியது என்ன என்று தேடும் முன்பே அதற்கு மூன்று அறைகள் கட்டி வைப்பதால், கண்டடைதல் என்ற பழைய முதல் படி காணாமல் போகிறது.

காலேஜ் போர்டு இந்த விமர்சனங்களைக் கேட்காமல் இல்லை. 2007இல் ஆவணங்களைத் தொகுத்து வாதிடும் கட்டுரை தேர்வில் சேர்ந்தது; மூன்று வகைக் கேள்விகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அதுதான். ஆறு ஆவணங்கள், அவற்றுள் குறைந்தது மூன்றைப் பயன்படுத்த வேண்டும். பலர் ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்குள் நுழைந்து தன் குரலைச் சேர்ப்பது என்ற அனுபவம், சிறிதளவாவது கிடைக்கிறது. 2019–20 கல்வியாண்டில் மதிப்பீட்டு முறையும் மாறியது. அதுவரை ஒட்டுமொத்தமாகப் படித்து ஒன்பது வரை ஒரே எண் போட்டார்கள். இப்போது ஆறு புள்ளிகள்: நிலைப்பாட்டுக்கு ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் நான்கு, நுட்பத்துக்கு ஒன்று. நிலைப்பாடு கட்டுரையின் எந்த இடத்தில் வந்தாலும் அந்தப் புள்ளி உண்டு. ஐந்து பத்தி வார்ப்பைக் கைவிடத் தேர்வே அனுமதிக்கிறது என்று பொருள். இருந்தும் பல வகுப்புகளில் வார்ப்பு தொடர்கிறது. நேரம் நெருக்கும்போது யாரும் புதுப் பாதையில் கால் வைக்கமாட்டார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த நுட்பப் புள்ளி மிகச் சிலருக்கே கிடைக்கிறது. பிரச்சினையின் சிக்கலையும் முரண்களையும் பார்த்தவருக்கு, அல்லது நடை உயிரோட்டமாக உள்ளவருக்கு அது உரியது. ஆறில் ஒன்று என்பதால் அதை விட்டுவிடுங்கள், மற்ற ஐந்தைப் பிடியுங்கள் என்று பயிற்சி தருபவர்கள் சொல்வது வழக்கம். எனக்கு இது வேதனை தருகிறது. எதிர்த்தரப்பின் நியாயத்தைப் பார்ப்பதும் தன் குரலைக் கண்டுபிடிப்பதும்தானே இந்தப் பாடத்தின் உயிர்?

கல்லூரிகள் தரும் சலுகையில்தான் பெரிய சண்டை. ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவில் மூன்றோ நான்கோ எடுத்தால், பல கல்லூரிகள் முதலாண்டு எழுத்துப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. ஆனால் அந்தக் கல்லூரிப் பாடத்தின் வேலை வரைவு, கருத்துக் கேட்பது, மறு வரைவு, மீண்டும் திருத்தம் என்று ஒரு பருவம் முழுவதும் நீள்வது. ஒரு காலையில் மூன்று முதல் வரைவுகள் எழுதுவது அதற்கு ஈடாகுமா? பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஏ.பி.யையும் கல்லூரி எழுத்துப் பாடத்தையும் இரண்டையும் படித்தவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். தேர்வில் மூன்று எடுத்துவிட்டு எழுத்துப் பாடத்தைத் தவிர்த்தவர்கள் பின்தங்கினார்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போகும் நாட்டில் ஒரு பாடத்தின் செலவு மிஞ்சுவது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. எனவே விலக்கை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த விலக்குக்குத் தகுந்த எழுத்தைத் தேர்வு கேட்க வேண்டும்.

எதைப் படிப்பது என்பதிலும் இந்தப் பாடம் நெருக்கடியில் இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், பிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாறு, ஸ்விஃப்ட்டின் 1729ஆம் ஆண்டு அங்கதக் கட்டுரை ஆகியவை பல வகுப்புகளில் நிலையான இடம் பெற்றவை. இக்கால எழுத்து உள்ளே வரும்போது மோதல் எழுகிறது. தென் கரோலினா மாநிலத்தின் ஒரு பள்ளியில் 2023இல், எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் தம் மகனுக்கு எழுதும் கடித வடிவில் அமைந்த 2015ஆம் ஆண்டு நூலை இந்தப் பாடத்துக்காக ஆசிரியை ஒருவர் வைத்தார். மாணவர் சிலர் புகார் செய்தார்கள். இனம் சார்ந்த குற்றவுணர்வைத் தூண்டும் பாடங்களைத் தடுக்கும் மாநில விதி காட்டப்பட்டு, பாடம் நடுவில் நின்றது. ஒரு வாதத்தை ஆராய்வது அதை ஏற்பதாகாது; உடன்பாடில்லாத எழுத்தைப் பொறுமையாகப் படித்து, அது தன் வாசகரிடம் என்ன கேட்கிறது என்று காண்பதே இங்கே பயிற்சி. அந்த நூலை வன்மையாக மறுத்து ஒரு மாணவர் எழுதியிருந்தால் அதுவும் இந்தப் பாடத்தின் வெற்றியாகவே இருந்திருக்கும். பாடத்தை நிறுத்தியதில் அந்த மறுப்பை எழுதும் வாய்ப்பும் போயிற்று.

2020 மே மாதத்தில் கொரோனாவால் தேர்வு வீட்டுக்கு வந்தபோது, மற்ற எல்லாக் கேள்விகளும் நீங்கி, பிறர் எழுத்தை ஆராயும் ஒரே ஒரு கட்டுரைதான் எஞ்சியது. நேரம் 45 நிமிடங்கள். நெருக்கடியில் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதிலிருந்து எதை மையமாக நினைக்கிறோம் என்று தெரியும். மாணவர் தாமே வாதிடுவது கைவிடப்பட்டது. பிறர் வாதத்தை அளப்பது காப்பாற்றப்பட்டது. 2025 மே முதல் தேர்வு முழுக்கக் கணினிக்கு மாறியிருக்கிறது. கையெழுத்து நன்றாக இல்லாதவர்களுக்கு இது நியாயம். பத்தியை இடம் மாற்றவும் வாக்கியத்தை அழித்து எழுதவும் முடிகிறது என்பதால், திருத்தத்துக்கு ஒரு சிறிய கதவும் திறந்திருக்கிறது. அதே வேளையில், வார்ப்புக் கட்டுரையைச் சில நொடிகளில் எழுதிவிடும் செயலிகள் 2022 இறுதியிலிருந்து எல்லா மாணவர் கையிலும் இருக்கின்றன. வாசகரும் நெருக்கடியும் இல்லாத எழுத்தைத்தான் அவை மிக எளிதாகச் செய்கின்றன.

மாற்றுவழியைக் காலேஜ் போர்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. அதே நிறுவனத்தின் ‘ஏ.பி. செமினார்’ பாடத்தில் இறுதித் தேர்வுக்கு 45 சதவீதம் மட்டுமே. மீதி 55 சதவீதம் ஆண்டு முழுவதும் நடக்கும் குழு வேலைக்கும், தனியே எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும், அவற்றை எதிரே அமர்ந்திருப்போர் முன் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, மாணவர் தம் ஆசிரியரோடு உட்கார்ந்து, தம் ஆய்வு எப்படி உருவானது என்று விளக்கும் இடைக்காலச் சந்திப்புகளையும் அதில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் பாதியளவு ‘ஆங்கில மொழியும் கட்டுரை ஆக்கமும்’ பாடத்துக்கு வந்தால் போதும்: ஆண்டில் ஒரே ஓர் எழுத்து, உண்மையான ஒருவருக்கு, நகர மன்ற உறுப்பினருக்கு, உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு, பள்ளி வாரியத்துக்கு. மூன்று வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே இதை ஏன் மாற்றினாய் என்று கேட்கும் ஓர் ஆசிரியர். மூன்று கட்டுரைகளில் ஒன்றை மே மாதத் தேர்விலிருந்து எடுத்துவிட்டு அதன் புள்ளிகளை இதற்குத் தரலாம். அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தால் அதையும் வகுப்பில் ஆராயலாம். வராவிட்டால், இர்வினின் சில வரிப் பதிலைப் படித்தது போல, அந்த மௌனத்தையும் ஆராயலாம்.